நிறத்தை விடுங்கள், செதிலைப் பாருங்கள்

சென்ற இதழில் வீட்டுப் பல்லிகளைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அரணையைப் பற்றிக் கேட்கின்றன. படங்களும் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் காய்ந்த இலையும், ஓடி மறையும் வாலின் கடைசி நாலு விரற்கடையும்தான் தெரிகின்றன. அப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு நான் பெயர் சொன்னால் அது சோதிடம். ஆகவே தெளிவாகக் கேட்டவர்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

எங்கள் கொல்லையில் மூன்று வித அரணைகள் திரிகின்றன. ஒன்று தடித்தது, பழுப்பு நிறம். ஒன்று மெலிந்தது, வால் செக்கச்செவேல் என்று இருக்கிறது. மூன்றாவது சிறியது, வாயோரமும் கழுத்தும் சிவப்பு. மூன்றும் ஒரே இனத்தின் வெவ்வேறு வயதுகளா?
– வாசகி, தென்காசி

இல்லை அம்மா. உங்கள் கொல்லையில் மூன்று இனங்கள் இருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

தடித்த பழுப்பு உருவம், நாம் எல்லோரும் சாதாரணமாக அரணை என்று அழைப்பது. அறிவியல் பெயர் யூட்ரோபிஸ் கரினேட்டா. கண்ணுக்கு மேலிருந்து வாலடி வரை இருபுறமும் வெளிறிய கோடு ஓடும். கோட்டுக்குக் கீழே விலாப்புறம் கரும்பழுப்பாக இருக்கும்.

சிவந்த வால் கொண்டது ரையோபா பங்க்டேட்டாவின் குட்டி. எங்கள் பாபநாசம் பக்கத்தில் இதைத்தான் பாம்பரணை என்பார்கள்; சில ஊர்களில் பாம்புராணி என்று எல்லா அரணைக்கும் சேர்த்தே சொல்வதுண்டு. குட்டியாக இருக்கும்போது முதுகில் வெளிர் கோடுகளும், எரிகிற கொள்ளி நிறத்தில் வாலும் இருக்கும். வளர வளர வால் மங்கிவிடும். முதுகில் செதிலுக்கு ஒரு கரும்புள்ளி வீதம் வரிசை கட்டி நிற்கும். குட்டியையும் தாயையும் அருகருகே வைத்தால் இரண்டும் வேறு வேறு உயிர் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். குட்டிக்கு ஏன் அந்தச் சிவப்பு என்றால், காக்கையோ ஓணானோ கொத்த வந்தால் தலையை விட்டுவிட்டு வாலைக் கொத்தட்டும் என்பதற்கு. வால் போனால் முளைக்கும்.

மூன்றாவது, யூட்ரோபிஸ் மாகுலேரியாவின் ஆண். இனப்பெருக்கக் காலத்தில் அதன் உதடும் தொண்டையும் சிவக்கும். பருவம் முடிந்ததும் சாதாரணப் பழுப்புக்குத் திரும்பிவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். முதலில் சொன்ன பெரிய அரணையின் ஆணுக்கும் அதே பருவத்தில் விலாப்புறம் சிவக்கும். ஆக, உங்கள் கொல்லையில் சிவப்பு என்பது வயதைச் சொல்கிறது, ஆண் பெண்ணைச் சொல்கிறது, மாதத்தைச் சொல்கிறது. இனத்தை மட்டும் சொல்வதில்லை.

நான் விலங்கியல் மாணவன். பெரிய அரணையின் இளசையும், வளர்ந்த மாகுலேரியாவையும் பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே அளவு, ஒரே பழுப்பு. எங்கள் ஆசிரியர் "அனுபவத்தில் வரும்" என்கிறார்.
– கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

அனுபவத்தில் வரும் என்பது சொல்லிக்கொடுக்கச் சோம்பல்படுகிறவர்கள் சொல்வது. நானும் முப்பது வருடங்களுக்கு மேல் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

முதுகுச் செதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன், உடம்பிலிருந்து அல்ல. அதன் மேல் நீளவாக்கில், சீப்பால் இழுத்ததைப்போல, மெல்லிய மேடுகள் தெரியும். அவற்றை முகடு என்று வைத்துக்கொள்வோம். பெரிய அரணைக்குச் செதிலுக்கு மூன்று முகடுகள்தான் வழக்கம். சிலவற்றில் ஐந்தோ அதற்கு மேலோ வரலாம். மாகுலேரியாவுக்கு ஐந்து முதல் ஏழு, சிலவற்றில் அதையும் தாண்டும். ஐந்து என்று எண்ணினால் இரண்டு பக்கமும் சாயலாம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதனால்தான் ஒரு செதிலோடு நிறுத்தக்கூடாது. நடு முதுகில், முன்கால் பின்காலுக்கு இடைப்பட்ட பகுதியில், பக்கத்துப் பக்கத்துச் செதில்கள் பலவற்றை எண்ணிப் பார்த்து, பெரும்பான்மை என்ன என்று பார்க்க வேண்டும். மூன்று மூன்றாக வந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஏழு என்று வந்தாலும் ஏறக்குறைய தீர்ந்தது. ஐந்து ஐந்தாக வந்தால் அடுத்த அடையாளத்துக்குப் போங்கள்.

அடுத்தது உடம்பின் அளவு. வாலைச் சேர்க்காமல், மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை அளப்பதே முறை. அறுந்து முளைத்த வாலை நம்பி எந்த அளவும் சொல்ல முடியாது. மாகுலேரியா இந்தக் கணக்கில் ஏழரை சென்டிமீட்டர் அளவோடு நின்றுவிடும். பெரிய அரணை பத்து சென்டிமீட்டரையும் தாண்டி வளரும். ஆகவே பெரியதாக இருந்தால் முடிவு எளிது. சிறியதாக இருந்தால் அளவு உதவாது. குட்டியா, வளர்ந்ததா என்று அதற்குத் தனியாக ஒரு விசாரணை வைக்க வேண்டிவரும்.

தோள்பட்டைக் கோட்டையும் பாருங்கள். பெரிய அரணைக்குக் கண்ணுக்கு மேலே தொடங்கும் வெளிர்கோடு ஓரம் தெளிவாக, அறாமல் ஓடும். மாகுலேரியாவுக்கு அங்கே பெரும்பாலும் கோடு மங்கலாக இருக்கும் அல்லது இருக்காது. மாறாக விலாவில் வெண்புள்ளிகள் தூவியிருக்கும். இதை மூன்றாவதாகத்தான் சொல்கிறேன், முதலாவதாக அல்ல.

பழைய நூல்களைப் புரட்டினால் செதில் எண்ணிக்கையாகவே இருப்பதைப் பார்த்து மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். மால்கம் ஸ்மித் 1935இல் வெளியிட்ட இந்தியப் பல்லிகள் பற்றிய தொகுதியும் அப்படித்தான், உடம்பைச் சுற்றி இத்தனை வரிசை, விரலடியில் இத்தனை தகடு என்று போகும். காரணம் எளிது. அன்று பெயர் வைத்தவர்கள் பலரும் உயிரோடு ஓடும் அரணையைப் பார்க்கவில்லை. சாராயத்தில் ஊறிய உடலைப் பார்த்தார்கள். சாராயம் சிவப்பையும் மஞ்சளையும் தின்றுவிடும். செதிலை ஒன்றும் செய்யாது. அருங்காட்சியகத்தின் இந்தக் கட்டாயம் நமக்குக் கொல்லையிலும் பயன்படுகிறது.

இன்னொன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாகுலேரியா என்ற பெயரில் தெற்காசியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை உள்ளவற்றையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறோம். எட்வர்டு பிளைத் 1853இல் வைத்த அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆகவே ஆனைமலைக் காட்டுக்குள் நீங்கள் எடுத்த படத்துக்கு "மாகுலேரியா வகை" என்று எழுதினால் அது அறியாமை ஆகாது.

அரணை நக்கினால் மரணம் என்கிறார்களே, எந்த இனத்துக்கு விஷம்?
– வாசகர், நாகர்கோவில்

எந்த இனத்துக்கும் இல்லை. விஷமுள்ள அரணை உலகத்திலேயே கிடையாது. "அரணை அலகு திறக்காது" என்று நம்மிடமே இன்னொரு பழமொழியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நக்கவும் வழியில்லை. உங்களுக்குப் பக்கத்துக் கேரளத்தில், கடிக்க வந்த அரணை வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடும் என்று கதை சொல்வார்கள். மூன்றில் அதுவே எனக்குப் பிடித்தது.

வேதாரண்யம் பக்கம் கடற்கரை மணலில், அடப்பங்கொடிக்கு அடியில், சிறிய அரணைகளைப் பார்க்கிறேன். நடு முதுகில் வெளிறிய பட்டை, இரு ஓரமும் கறுப்பு. ஊருக்குள் இருப்பதும் இதுவும் ஒன்றா?
– வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

வேறு. இது யூட்ரோபிஸ் பிப்ரோனி, கடற்கரை அரணை. ஜான் எட்வர்டு கிரே பெயரிட்டார். நீங்கள் சொன்ன நடுமுதுகுப் பட்டையும் கறுப்பு ஓரமும் நல்ல அடையாளங்கள். மணல், அடப்பங்கொடி, இராவணன் மீசைப்புல் இருக்கும் இடம் என்பதும் அதே அளவு நல்ல அடையாளம்.

ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் கீழிமையைப் பார்க்க வேண்டும். ஊருக்குள் திரியும் பெரிய அரணைக்கும் மாகுலேரியாவுக்கும் கீழிமை முழுக்கச் சிறு செதில்கள்தான். கடற்கரை அரணைக்குக் கீழிமையின் நடுவில் ஒளி ஊடுருவும் ஒற்றைத் தகடு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே வெளியே பார்க்கலாம். பறக்கும் மணலில் இது எவ்வளவு வசதி என்று கடற்கரையில் கண்ணைக் கசக்கிய எவருக்கும் தெரியும். நம் ஊர்ப் பாம்பரணைக்கும் இதேபோல் தகடு உண்டு, அது மண்ணுக்குள் நுழைகிற பேர்வழி என்பதால். அரணை வெயில் காயும்போது அடிக்கடி அரைக்கண் மூடும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துவிட்டால் போதும்.

நூலகத்தில் இருக்கும் பழைய புத்தகத்தில் அரணை "மபூயா" என்று இருக்கிறது. இணையத்தில் "யூட்ரோபிஸ்". பாம்பரணையை ஒரு புத்தகம் "ரையோபா" என்கிறது, இன்னொன்று "லைகோசோமா" என்கிறது. யாரை நம்புவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

எல்லோரையும், அவரவர் காலத்துக்கு.

ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா மூன்றிலும் உள்ள பழுப்பு அரணைகளை மபூயா என்ற ஒரே மூட்டையில் கட்டியிருந்தார்கள். உருவம் ஒன்றாக இருந்ததுதான் காரணம். 2002இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது மூட்டையை அவிழ்க்க வேண்டியதாயிற்று. மபூயா என்ற பெயர் தென் அமெரிக்காவுக்குப் போனது. ஆசியாவில் இருப்பவை யூட்ரோபிஸ் ஆயின. பாம்பரணையின் கதை இன்னும் வேடிக்கை. ஸ்மித்தின் நூலில் ரையோபா. பிறகு லைகோசோமா ஆக்கினார்கள். 2019இல் மீண்டும் ரையோபாவுக்கே கொண்டுவந்தார்கள். பழைய புத்தகத்தை எடைக்குப் போடாமல் வைத்திருந்தவர்கள் ஒன்றும் செய்யாமலே புதுமைக்கு வந்து சேர்ந்தார்கள்.

முதல் பெயரான பேரினப் பெயர் எப்படி மாறினாலும் இரண்டாம் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரினேட்டா, பங்க்டேட்டா போன்றவை அவ்வளவாக மாறுவதில்லை. எழுத்து விகுதி மட்டும் கொஞ்சம் ஆடும்.

கைபேசிச் செயலியில் படம் போட்டால் ஒரே அரணைக்கு மூன்று முறை மூன்று பெயர் சொல்கிறது.
– வாசகி, சென்னை

மேலிருந்து எடுத்த படத்துக்கு ஒன்று, தலை தெரியும் படத்துக்கு ஒன்று, வால் சிவந்து தெரியும் படத்துக்கு ஒன்று என்று சொல்லியிருக்கும். செயலி மொத்தத் தோற்றத்தை வைத்துச் சொல்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் செதில் முகடு தெரியாவிட்டால் அதற்கும் தெரியாது. அது தரும் பெயர்களில் ஊருக்குப் பொருந்தாதவற்றை முதலில் அடித்துவிடுங்கள். நீலகிரி உச்சியில் மட்டும் இருப்பது வேளச்சேரிக்கு வராது. எஞ்சியவற்றை மேலே மாணவருக்குச் சொன்ன முறையில் சரிபாருங்கள். செயலியில் மனிதர்களும் திருத்துகிறார்கள் என்றால் அவர்கள் எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அவரும் குத்துமதிப்பாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கொடைக்கானலில் ஒரு சோலையின் ஓரம், சருகுக்குள், வால் நீலமாக மின்னும் மிகச் சிறிய அரணையைப் பார்த்தேன். வண்ணம் பூசியதுபோல இருந்தது. அது என்ன?
– வாசகர், வத்தலக்குண்டு

கொடுத்துவைத்தவர். அது கேஸ்ட்லியா என்ற பேரினப் பெயர் கொண்டவற்றில் ஒன்று. இந்தப் பெயர் 2004இல் வந்தது. இதில் இருக்கும் இனங்கள் மேற்குத்தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியவை. உலகில் வேறெங்கும் இல்லை. முதுகுச் செதில்கள் வழவழவென்று இருக்கும். முகடு எண்ணும் வேலையே இல்லை. சமவெளி அரணையிலிருந்து இதைப் பிரிக்க அந்த வழவழப்பும், சருகுக்குள் ஒளிந்து வாழும் குணமும் போதும்.

கேஸ்ட்லியாவுக்குள் எந்த இனம் என்பதுதான் கடினம். பழனி மலையின் பெயரையே தாங்கிய கேஸ்ட்லியா பால்னிகா ஒன்று உண்டு. 1892இல் பெயர் பெற்றது. நீலகிரியில் பைலினியேட்டா. தெற்கே திருவிதாங்கூர்ப் பெயரில் இன்னொன்று. எந்த மலைத்தொகுதி, எவ்வளவு உயரம் என்பதைக் குறித்து வைத்தீர்களானால் பாதி வேலை முடிந்தது. உங்கள் கடிதத்தில் உயரமும் இடத்தின் பெயரும் இருந்திருந்தால் நானும் கொஞ்சம் துணிந்து பேசியிருப்பேன். நீல வாலை மட்டும் வைத்து "பால்னிகா" என்று எழுதச் சொல்லாதீர்கள்.

அதே சருகில் ரிஸ்டெல்லா என்று இன்னொரு சிறியது உண்டு, அதுவும் இந்த மலைகளுக்கே சொந்தம். முன்காலில் விரல்களை எண்ணுங்கள். நான்குதான் இருக்கும், பின்காலில் ஐந்து. நகங்களைப் பூனையைப்போல உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரச் சருகில் ஓடுகிற சுண்டுவிரல் நீள உயிரின் விரலை எண்ணுவது சுலபமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எண்ணிவிட்டால் வேறு எதுவும் பார்க்க வேண்டியதில்லை.

மரத்தில் ஏறும் அரணை உண்டா? செங்கோட்டைக்கு மேலே காட்டு மரம் ஒன்றில், ஆள் உயரத்துக்கு மேல், பட்டைபட்டையாக ஒன்றைப் பார்த்ததாக என் தம்பி சொல்கிறான். நான் ஓணான் என்கிறேன்.
– வாசகர், கடையநல்லூர்

தம்பி சொல்வது சரியாக இருக்கலாம். டேசியா என்னும் மர அரணைகள் உண்டு. தலையிலும் முதுகிலும் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை இருந்ததா என்று கேளுங்கள். தெற்கு மலைகளில் இருப்பதை வெகுகாலம் இலங்கையின் டேசியா ஹாலியானா என்றே கருதிவந்தார்கள். இரண்டுக்கும் உருவம் அவ்வளவு நெருக்கம். 2012இல்தான் நம் மலையில் இருப்பது தனி இனம் என்று நிறுவி, டேசியா ஜான்சிங்கி என்று பெயரிட்டார்கள். நாங்குநேரிக்காரரான காட்டுயிர் அறிஞர் ஏ. ஜே. டி. ஜான்சிங்கின் பெயர் அது. நெல்லைச் சீமையில் யாரும் இதைக் கொண்டாடியதாகத் தெரியவில்லை. நான் அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். எதற்கு என்று சொன்னபிறகு வைத்தவர் முகத்தில் இருந்ததை இங்கே எழுத முடியாது.

ஓணானா அரணையா என்ற உங்கள் சந்தேகத்துக்கு: ஓணானுக்குக் கழுத்து தனியாகத் தெரியும், செதில் சொரசொரப்பாக நிற்கும். அரணைக்குத் தலையும் உடம்பும் ஒரே தடிமனில் ஓடும், எண்ணெய் தேய்த்த மினுமினுப்பு இருக்கும். செதிலுக்கு அடியில் மெல்லிய எலும்புத் தகடுகள் பதிந்திருப்பதால்தான் அந்த இறுக்கமும் மினுக்கமும்.

அரணை வந்தால் பின்னாலேயே பாம்பு வரும் என்று மாமியார் சொல்கிறார். தோட்டத்தில் கண்டால் உடனே அடிக்கச் சொல்கிறார். சிலது கால் இல்லாமல் பாம்புக்குட்டி போலவே இருக்கிறது, அது அரணைதானா?
– வாசகி, கோவில்பட்டி

மாமியார் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு, காரணம்தான் வேறு. கட்டுவிரியனும் ஓநாய்ப் பாம்பும் அரணையைத் தின்னும். இரை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். அதற்காக அரணையை அடித்தால் கரையானும் கரப்பானும் பெருகும், அவ்வளவுதான் மிச்சம்.

கால் இல்லாதது என்று நீங்கள் நினைப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாம்பரணைக்கு உடம்பு நீளம், கால் மிகச் சிறியது. வேகமாக ஓடும்போது காலை உடம்போடு ஒட்டிக்கொண்டு நெளிந்தே போகும். நின்றபிறகு நான்கு காலும் தெரியும். அதற்குள் துடைப்பம் வந்துவிடுகிறது என்பதே அதன் துரதிர்ஷ்டம். அருகில் பார்க்க முடிந்தால் இமையைப் பாருங்கள். பாம்புக்கு இமை கிடையாது, காதுத் துளையும் கிடையாது. அரணைக்கு இரண்டும் உண்டு. வயிற்றைப் பார்த்தும் பிரிக்கலாம்: பாம்புக்கு வயிற்றில் அகலமான பட்டைச் செதில்கள் இருக்கும். ஆனால் பூந்தொட்டி மண்ணில் கிடைக்கும் புழுப்பாம்புக்கு வயிற்றிலும் முதுகைப் போன்ற சிறு செதில்தான், ஆகவே அங்கே இமையே நீதிபதி.

உண்மையிலேயே கால் இல்லாத அரணையும் இந்தியாவில் இருக்கிறது, கோவில்பட்டியில் அல்ல. ஒடிசாவில் சிலிகா ஏரிக்குள் பார்க்குடா என்ற தீவு. அங்கே கிடைத்ததை, இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையை நிறுவிய நெல்சன் அன்னண்டேல் 1917இல் பார்க்குடியா இன்சுலாரிஸ் என்று பெயரிட்டார். பார்த்தால் மண்புழு என்றே கடந்துபோவோம்.

பிடித்து வைத்துப் பார்க்காமல் இத்தனை அடையாளத்தையும் எப்படிப் பார்ப்பது? ஓடிவிடுகிறதே.
– வாசகர், ஈரோடு

ஓடட்டும். அது போகும் பொந்தைக் குறித்துக்கொண்டு, வெயில் ஏறத் தொடங்கும் காலைநேரத்தில் அங்கிருந்து எட்டு பத்தடி தள்ளி உட்காருங்கள். இரவெல்லாம் குளிர்ந்த உடம்பைக் காய வைக்காமல் அதனால் இரை தேட முடியாது. அதே கல்லுக்கோ அதே சுவருக்கோதான் திரும்ப வரும். நிழல் அதன் மேல் விழாத பக்கமாக உட்கார வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய கேமரா இருந்தால் முதலில் முதுகு நேர் மேலிருந்து, பிறகு தலையும் கண்ணும் பக்கவாட்டில், பிறகு விலா. கால்விரல் தெரிந்தால் அதையும் எடுங்கள். வாலைக் கடைசியில் எடுங்கள். நடுவில் நிறம் திடீரென்று மாறினால் அதற்குப் பின்னால் இருப்பது மறுபடி முளைத்தது. உள்ளே முள்ளெலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்புக் குழல்தான் இருக்கும், செதிலும் முன்னைப்போல் வரிசையாக அமையாது. அந்தப் பகுதியில் எண்ணிய எந்த எண்ணிக்கையையும் எனக்கு அனுப்ப வேண்டாம். கையால் பிடித்தால் அநேகமாக அந்த வாலைத்தான் உங்களிடம் விட்டுவிட்டுப் போகும். அதில் சேர்த்து வைத்திருந்த கொழுப்பும் அதோடு போய்விடும்; பஞ்சகாலத்துக்கு அதுதான் அதன் கையிருப்பு.

படத்தோடு ஊர், மாதம், எங்கே இருந்தது என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கிணற்றடி, வாழைச் சருகு, மணல், மரப்பட்டை என்று எதுவானாலும் சரி. அடுத்த இதழில் தவளைக் கடிதங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அரணைப் படங்களை அதற்கடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.